உதாரணத்துக்கு என் மனைவி

பெரம்பலூரில் எனக்கு மாப்பிள்ளை அமைந்தபோது அம்மா எல்லோரிடமும் முதலில் சொன்னது அவருடைய வேலையைப் பற்றித்தான். "காலேஜ் புள்ளைங்களே இவருகிட்ட வந்துதான் இங்கிலீஷ் பேசக் கத்துக்குதாம்." நிலம் உண்டா, வீடு சொந்தமா என்று கேட்டவர்களுக்கும் அதையே பதிலாகச் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை. அப்பா லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போய் எங்களைப் படிக்க வைத்தார். விக்கிரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் அரியலூர் போய் நான் தமிழ் இலக்கியம் படித்தேன். அந்த வீட்டுக்கு இங்கிலீஷ் வாத்தியார் மாப்பிள்ளையாக வருகிறார் என்பது அம்மாவுக்குச் சின்ன விஷயமாக இருக்க முடியாது. எனக்கும்தான்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு செல்போன் கடையின் மாடியில் அவருடைய சென்டர் இருந்தது. சுற்றிலும் இருக்கிற பொறியியல் கல்லூரிகளிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். கணக்கு தெரியும், மெஷின் தெரியும், இன்டர்வியூவில் வாய் திறந்தால் போச்சு என்று பயந்து வருகிறவர்கள். அவர்களுக்கு அவர் பேசக் கற்றுக்கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் தனி வகுப்பு. ஒன்றுபோல ஒலிக்கிற, ஒன்றுபோலத் தெரிகிற சொற்களை எடுத்துக்கொண்டு வித்தியாசத்தை விளக்குவார். அந்த வகுப்புக்குத்தான் இடம் கிடைக்காது. ஜன்னல் திட்டில்கூட உட்கார்ந்திருப்பார்கள்.

கல்யாணமான புதிதில் அந்தச் சொற்களை எனக்கும் சொல்லிக்கொடுத்தார். சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு ஜோடி. "லெண்ட், பாரோ. நம்மூர்ல ரெண்டையும் கடன்னு சொல்லிருவோம். கொடுத்தா லெண்ட். வாங்குனா பாரோ. எங்க, ஒரு வாக்கியம் சொல்லு பாப்போம்." நான் சொல்வேன். தப்பாக இருந்தால் சிரிப்பார், அந்தச் சிரிப்பு அப்போது எனக்குப் பிடித்திருந்தது. தமிழ் வகுப்பில் ஈ, தா, கொடு மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் படித்துவிட்டு வீடு வரும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தவள் நான். கேட்பவன் தாழ்ந்தவனா, சமமானவனா, உயர்ந்தவனா என்று பார்த்துச் சொல்லே மாறிவிடுகிறது! அந்த ருசி தெரிந்தவளுக்கு லெண்ட், பாரோ ஒன்றும் கஷ்டமில்லை. எனக்கும் இந்த மனிதருக்கும் பேசிக்கொள்ள வாழ்நாள் முழுக்க விஷயம் இருக்கிறது என்று நினைத்தேன்.

"சனிக்கிழமை கிளாசுக்கு நானும் வந்து ஒரு ஓரமா உக்காரட்டுங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீயா? வேண்டாம். வூட்டு ஆளு உக்காந்திருந்தா பசங்க ஃப்ரீயா சிரிக்க மாட்டாங்க" என்றார்.

பிள்ளைகள் எதற்காகச் சிரிக்க வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஒருமுறை சென்னையிலிருந்து அவருடைய நண்பர் மனைவியோடு வந்திருந்தார். அந்தப் பெண் என்னிடம் இங்கிலீஷிலேயே பேசினாள். பகலெல்லாம் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். இரண்டு வார்த்தையாவது பேசிவிட வேண்டும் என்ற ஆசையில், "ஐ ஆம் போரிங் இன் த ஹவுஸ்" என்றேன். வீட்டில் பொழுது போகவில்லை என்று சொல்ல நினைத்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நண்பரைப் பார்த்தாள். நண்பர் என் கணவரைப் பார்த்தார். அவர் சோஃபாவில் சாய்ந்து சத்தமாகச் சிரித்தார். "பாத்தியாடா, அவளே ஒத்துக்கிறா!" என்றார். எனக்கு என்ன தப்பு என்றே தெரியாது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன்.

அவர்கள் போன பிறகு கேட்டேன். சொன்னார். போர்ட் என்றால் சலிப்பை அனுபவிக்கிறவள். போரிங் என்றால் சலிப்பைக் கொடுக்கிறவள். "நீ என்ன சொல்லியிருக்கே தெரியுமா? என்கூட இருந்தா யாருக்கும் அலுத்துப்போயிரும்னு சொல்லியிருக்கே." மறக்காமலிருக்க அதை மனதில் பலமுறை சொல்லிப்பார்த்தேன். இனி அந்தத் தப்பு வராது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

சில வாரம் கழித்துக் காய்கறிக் கடையில் சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பைக்கை நிறுத்திய இரண்டு கல்லூரிப் பையன்களில் ஒருவன் என்னைப் பார்த்ததும் மரியாதையாக, "வணக்கம் மேடம்" என்றான். நானும் வணக்கம் சொன்னேன். நான் திரும்பியதும் மற்றவன் கேட்டது காதில் விழுந்தது.

"யார்றா?"

"போரிங் மேடம்டா. சாரு வைஃப்பு."

பொறுக்கிய வெங்காயத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவர் வந்ததும் கேட்டேன். மறைக்கவே இல்லை. "கிளாஸ்ல ஒரு ஜோக் சொன்னாத்தான் மண்டையில நிக்கும். உதாரணத்துக்கு என் மனைவின்னு ஆரம்பிச்சாப் போதும், தூங்குறவன்கூட எழுந்து உக்காந்துருவான்."

"நான் சொன்ன எல்லாத்தையும் சொல்லுவீங்களா?"

"நல்லா இருக்கிறத மட்டும்தான்."

நான் அழுதேன். அவர் என் தலையில் கை வைத்து, "இதெல்லாம் சென்சிடிவா எடுத்துக்காத. கொஞ்சம் சென்சிபிளா இரு" என்றார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் அவர் போன பிறகு அவருடைய அகராதியை எடுத்துப் பார்த்தேன். ஒன்று, எளிதில் மனம் நோகிறவர். மற்றொன்று, அறிவோடு நடந்துகொள்கிறவர். அன்றிலிருந்து அவரிடம் எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் கேட்டதில்லை. அகராதியை நானாகவே படிக்க ஆரம்பித்தேன். அவர் எதிரில் இங்கிலீஷ் பேசுவதையும் நிறுத்திக்கொண்டேன்.

அதன் பிறகு நான் உண்டானேன். அந்தக் கொஞ்ச காலம் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. வரும்போது எனக்குச் சாத்துக்குடி வாங்கி வந்தார். என் வயிற்றைத் தொட்டு, இதற்கு முதலில் இங்கிலீஷ்தான் என்றார். நான், தமிழ்தான் என்றேன். இருவரும் சிரித்தோம். வயிறு வெளியே தெரிய ஆரம்பிப்பதற்குள் ஒரு மத்தியானம், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஜெயங்கொண்டத்திலிருந்து அக்கா போன் செய்தாள். அக்கா பெரிய படிப்பு படித்தவள் இல்லை. முந்திரிக் கொட்டை உடைக்கிற இடத்தில் மேஸ்திரியாக இருக்கிறாள். என்னடி ஆச்சு, என்னடி ஆச்சு என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எங்கள் ஊரில் எல்லோரும் எப்படிச் சொல்வார்களோ அப்படித்தான் நானும் சொன்னேன்.

"அபார்ஷன் ஆயிடுச்சுக்கா."

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கையில் எனக்காக வாங்கி வந்த இளநீர். அதை ஸ்டூலுக்கடியில் வைத்துவிட்டுக் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"அபார்ஷன் இல்ல. மிஸ்கேரேஜ். அபார்ஷன்னா நாமளா பண்ணிக்கிறது. தானா ஆனா மிஸ்கேரேஜ்."

போனில் அக்கா அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, கிண்டல் இல்லை. உண்மையிலேயே உதவி செய்கிற முகம். வருத்தத்தில் அவருடைய கண்களும் சிவந்துதான் இருந்தன. அழுதிருக்கிறார். ஆனாலும் அந்தச் சொல் தப்பாகப் போவதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. டாக்டர்கள் தானாகக் கலைவதையும் அபார்ஷன் என்றே எழுதுவார்கள் என்று பின்னால் அகராதியில் படித்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லி ஜெயித்து எனக்கு ஆகப்போவது என்ன இருக்கிறது?

உடம்பு தேறி எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தேன். சென்டரில் படிக்கிற ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிறவள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். சார் இல்லையே என்றேன்.

"சாரப் பாக்க வரலைங்க மேடம். உங்களப் பாக்கத்தான் வந்தேன். உடம்பு இப்ப பரவாயில்லைங்களா?"

"உடம்புக்கு என்ன? உனக்கு யாரு சொன்னா?"

அவள் முகம் மாறிவிட்டது. வாழைப்பழத்தைக் கீழே வைக்கவும் தெரியாமல் கையில் வைத்திருக்கவும் தெரியாமல் நின்றாள். "சார்தாங்க... கிளாஸ்ல..."

"என்ன சொன்னாரு?"

"வேண்டாங்க மேடம்."

"சொல்லும்மா. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்."

"ரெண்டு வார்த்தைக்கு வித்தியாசம் சொன்னாங்க. நீங்க போன்ல தப்பா சொன்னீங்களாம். அதச் சொல்லி..." சட்டென்று நிறுத்தி, "யாரும் சிரிக்கலைங்க மேடம். நெசமா யாரும் சிரிக்கல" என்றாள்.

அதை எனக்கு ஆறுதலாகச் சொன்னாள், பாவம். வாழைப்பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள். அவள் அதற்குப் பிறகு சென்டருக்கு வரவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நான் சென்டருக்குப் போனேன். அந்த மாடிப்படியில் அதற்கு முன் நான் ஏறியதே இல்லை. அறை நிறையப் பிள்ளைகள். என்னைப் பார்த்ததும் பின்வரிசையில் இருந்த இருவர் நகர்ந்து இடம் விட்டார்கள். அவர் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். திரும்பினார், பார்த்தார். ஒரு நொடி கை நின்றது. அப்புறம் சிரித்துக்கொண்டே, "இன்னைக்கு ஒரு ஸ்பெஷல் ஸ்டூடன்ட் வந்திருக்காங்க" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வகுப்பு முடிகிற நேரத்தில், யாருக்காவது டவுட் இருக்கிறதா என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

"சார், ஒரு டவுட்டு. ஷை, அஷேம்ட். தமிழ்ல ரெண்டுக்கும் வெக்கம்னுதான் சொல்லுறோம். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

அவருக்குப் புரியும், புரிந்து தலை குனிவார் என்று நினைத்தேன். அதற்காகத்தான் அந்தக் கேள்வியை வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் சொல்லிப்பார்த்துக்கொண்டு வந்தேன்.

"குட் கொஸ்டின்" என்றார். போர்டை அழித்தார். இரண்டு சொல்லையும் அழகான கையெழுத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். "ஷைங்கிறது ஒருத்தரோட சுபாவம். கூச்சம். புது ஆளுங்களப் பாத்தாப் பேச்சு வராது. அதுல தப்பு ஒன்னும் இல்ல. அஷேம்ட் அப்படி இல்ல. ஒரு தப்பு பண்ணிட்டு, அத நெனச்சு உள்ளுக்குள்ள குறுகிப்போறது. தப்பு பண்ணாதவனுக்கு அது வரவே வராது. புரிஞ்சுதா?"

பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். அவர் என்னைப் பார்த்து, "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டார். அந்தக் குரலில் ஒரு சிறு பிசிறுகூட இல்லை.

"புரிஞ்சுதுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். நேராகப் பஸ் ஏறி விக்கிரமங்கலம் போய்விட்டேன்.

வீட்டில் அம்மாவுக்கு நான் சொன்னது விளங்கவில்லை. "அடிச்சாரா?" என்றாள். இல்லை என்றேன். "குடிக்கிறாரா?" இல்லை. "வேற எவகிட்டயாச்சும் போறாரா?" இல்லை. "பின்ன என்னடி? இங்கிலீஷு வார்த்தைக்கா ஒருத்தி வூட்ட விட்டுட்டு வருவா?" அவருடைய பெரியப்பா அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். என் கணவர் எல்லோர் முன்பும் சாரி சொன்னார். என்ன செய்ததற்காக என்று சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. என்னைக் கொண்டுபோய் விட அப்பாதான் கூட வந்தார். அரியலூரில் பஸ் மாறும்போது, "பாப்பா, அந்த வார்த்தை ரெண்டும் என்னான்னு எனக்குப் புரியல. ஆனா நீ பொய் சொல்ல மாட்டே" என்றார். அவ்வளவுதான். பெரம்பலூரில் என்னை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு சென்டருக்கு வருகிற கூட்டம் குறைந்தது. பிள்ளைகள் போனிலேயே எல்லாம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். இவரும் போனுக்கு மாறினார். சின்னச் சின்ன வீடியோ. முதலில் தனியாகப் பேசிப் போட்டார், யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் கூடத்தில் விளக்கெல்லாம் மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"புருஷன் பொண்டாட்டி மாதிரி பண்ணுனா நல்லாப் போகும். நீ ஒன்னும் பண்ண வேண்டாம். எப்பவும் போலத் தப்பாப் பேசு. நான் திருத்துவேன்."

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். கேமராவைப் பார்த்து, அவர் எழுதிக் கொடுத்த வாக்கியத்தைச் சொன்னேன். சரியாகச் சொன்னேன். 'ஐ ஆம் போர்ட்' என்றே சொன்னேன்.

"ஏய், போரிங்னு சொல்லு."

"அது தப்பு."

"தப்புன்னு தெரியும். தப்பாத்தான் சொல்லணும்."

"எனக்குத்தான் இப்ப சரியாச் சொல்லத் தெரியுமே."

அவர் போனை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் முதன்முறையாக நிஜமான எரிச்சலைப் பார்த்தேன். "நீ சரியாப் பேசி யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்றார்.

நான் எழுந்து உள்ளே போய் துணிமணிகளை எடுத்துவைத்தேன். இந்த முறை விக்கிரமங்கலம் போகவில்லை. ஜெயங்கொண்டத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா எதுவும் கேட்கவில்லை. அங்கே ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர் வேலை கிடைத்தது. சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, சாப்பாட்டுக்குப் போதும்.

அவருக்கும் பிரிவதில் ஆட்சேபம் இருக்கவில்லை. வக்கீல் அம்மா முன்பு நான் உட்கார்ந்திருந்தபோது, என் அம்மா கேட்ட அதே கேள்விகளைத்தான் அந்த வக்கீலும் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். "அப்ப என்னன்னு எழுதுறது?" என்று பேனாவை வைத்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். "இத கோர்ட்டுல சொன்னா சிரிப்பாங்கம்மா. மியூச்சுவல்னு போட்டுருவோம். சீக்கிரம் முடியும்" என்றார். மியூச்சுவல் என்றால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பது. எனக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டேதான் கையெழுத்துப் போட்டேன்.

எல்லாம் முடிந்து கோர்ட்டு வராந்தாவில் நிற்கும்போது அவர் என் பக்கத்தில் வந்தார். இளைத்திருந்தார். "வீடியோவுல உன் பேர எங்கேயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்" என்றார், பெரிய உதவி போல. பேர் சொல்லாமலேயே ஒரு டவுன் முழுக்க என்னை யாரென்று தெரிய வைத்தவர் அவர். "சரிங்க" என்றேன்.

இப்போது அவருடைய வீடியோக்களில் மனைவியாக நடிப்பது அவரிடம் படித்த ஒரு பெண். நன்றாக நடிக்கிறாள் என்று சொல்கிறார்கள். போன மாதம் அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரம்மா போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவருக்கு என் கதை தெரியாது. "டீச்சர், இத பாருங்க, இங்கிலீஷு என்னமா சொல்லிக்குடுக்கிறாரு! சிரிச்சு வவுறே புண்ணாப் போச்சு."

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் வேகமாக வந்தாள். நான் கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டு, போனை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பெண் உடம்பு குறையணும் என்று சொல்ல வந்து, லூஸ் என்பதை 'ஓ' ஒன்று கூடுதலாகப் போட்டுப் பலகையில் எழுதுகிறாள். அவர் தலையில் அடித்துக்கொள்கிறார். "ஒரு ஓ போட்டா எடை குறையும். ரெண்டு ஓ போட்டா, என் வைஃப் மாதிரி, லூசு ஆயிடும்." பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் சேர்த்திருந்தார்கள். பிறகு அவர் முகம் மாறி, வாத்தியார் குரலில், ஒன்று இழப்பது, மற்றொன்று தளர்வாக இருப்பது, உச்சரிக்கும்போது முதலாவதில் கடைசி ஒலி அதிரும், இரண்டாவதில் அதிராது என்று பொறுமையாகச் சொன்னார்.

"எப்படி டீச்சர்?" என்று பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்டார்.

"சரியாத்தான் சொல்றாரு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன்.